பதினான்காம் கட்டம்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்த இடத்தில் ஒரு டேக்ஸ் அண்ணா இருந்தே தீருவார். பிழைப்பு என்னவோ சாஃப்ட்வேர்தான். ஆனால் ஜனவரி 31-க்குள் கம்பெனிகள் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும் என்பதால், பொங்கல் முடிந்த கையோடு அண்ணாவுக்கு சீசன் களைகட்டிவிடும்.

ஜாதகத்துக்குப் பன்னிரண்டு கட்டம் என்றால் டபிள்யூ-2வுக்கு இருபது. முதல் கட்டத்தில் சம்பளம், இரண்டாவதில் பிடித்த வரி, அதோடு ஊரார் பார்வை முடிந்துவிடும். அண்ணாவின் விரல் நேரே பதினான்காம் கட்டத்தில் போய் நிற்கும். சி.ஏ.எஸ்.டி.ஐ., அதாவது கலிஃபோர்னியா மாநில டிஸபிலிட்டி இன்ஷூரன்ஸ், என்று அங்கே ஒரு தொகை உட்கார்ந்திருக்கும்.

2024-ம் ஆண்டுக் கணக்கை முடிக்கும் சீசனில், பிறந்தநாள் விழா ஒன்றில், பேப்பர் தட்டில் பிரியாணியோடு ஒரு பையன் மாட்டினான். "அண்ணா, கைகால் நல்லாத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு டிஸபிலிட்டி இன்ஷூரன்ஸ்?"

அண்ணா தட்டைக் கீழே வைத்தார். வைத்தால் அரைமணி என்று அர்த்தம். "தம்பி, இது 1946-லேருந்து நடக்குது. முதலாளி ஒரு பைசா போடறதில்ல, முழுக்க நம்ம சம்பளத்துலதான் பிடிக்கிறான். வேலைக்கு வெளியில காலை உடைச்சுக்கிட்டா சம்பளத்துல ஒரு பங்கு கிடைக்கும். பிரசவத்துக்கும் உண்டு." உண்டுதான். வளைகாப்புக்குப் போனால்கூட, வளையல் அடுக்கி முடிவதற்குள் அந்தப் பெண்ணிடம், பிரசவத்துக்கு முன் நாலு வாரம், பின் ஆறு, சிசேரியன் என்றால் எட்டு, அதற்குமேல் குழந்தையோடு இருக்க எட்டு என்று ஒப்பித்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

"வரியில கழிச்சுக்கலாமாண்ணா?"

"பேஷா. ஷெட்யூல் ஏ-ல மாநில வரியோட சேர்த்துப் போடலாம். ஆனா மாநில வரிக்கெல்லாம் சேர்த்து 10,000 டாலர்தான் உச்சவரம்பு. உனக்கு வருமான வரியே அதைத் தாண்டியிருக்கும். வாடகை வீடு வேற. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 14,600-ஐ எடுத்துக்கிட்டுப் போயிட்டே இரு." ஆக அந்த விளக்கத்தால் பையனுக்கு ஆன லாபம் பூஜ்யம். பிரியாணியும் ஆறிப்போயிருந்தது.

அண்ணாவுக்கு வேண்டியது வேறு. "அது கிடக்கட்டும், உனக்கு எவ்வளவு பிடிச்சிருக்கான்?"

"2,640 டாலர்ண்ணா."

கூடத்தில் சட்டென்று பேச்சு நின்றது. 2023 வரை இந்தக் கேள்வியால் பெரிய சம்பளக்காரர் யாருக்கும் ஆபத்தில்லை. சம்பளத்தில் ஒரு வரம்பு வரைதான் பிடிப்பார்கள்; 2023-ல் அது 1,53,164 டாலர். அதற்குமேல் எவ்வளவு வாங்கினாலும் அந்த ஆண்டு பிடித்தம் அதே 1,378-தான். 2024-ல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு முழுச் சம்பளத்துக்கும் 1.1 சதவீதம். ஓய்வுக்காலத்துக்கென்று 401கே-யில் போட்டுவைத்ததுகூட இந்தக் கணக்கில் தப்பாது. சோபாவில் இருந்த மூன்று பேர் கூரையைப் பார்த்து வகுத்தார்கள். சமையலறையிலிருந்து ஒரு அக்கா, "ரெண்டு லட்சத்து நாப்பதாயிரமா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். பெண் வைத்திருந்த ஒரு மாமா பையனுக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார்.

பையன் விவரமில்லாதவன் அல்ல. "உங்களுக்கு எவ்வளவுண்ணா?"

அண்ணா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். "எங்க கம்பெனி அரசாங்கத் திட்டத்துல இல்லப்பா. வாலண்டரி பிளான். அது வேற கணக்கு."