குரங்கோடு விருந்து, ரப்பரோடு ஆராய்ச்சி

புதுத் துணைவேந்தர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் அறிவிப்பு என்னவாக இருக்கும்? ரிசர்ச் பார்க்! மறுவாரமே வாசலில் ஒரு பெரிய பலகை எழும்பும். அதில் கண்ணாடிக் கட்டடம் இருக்கும், காரணமே இல்லாமல் சிரிக்கும் மனிதர்கள் இருப்பார்கள். பலகை வெளுப்பதற்குள் துணைவேந்தர் மாறிவிடுவார்.

இது இந்தக் காலத்து வியாதி என்று நினைக்காதீர்கள். நம்ம பேராக்கில் 1877-லேயே ஒரு ரிசர்ச் பார்க் இருந்தது. இடம் கோலகங்சார். தலைவர் ஹியூ லோ, பிரிட்டிஷ் ரெசிடெண்ட், லண்டன் நர்சரிக்காரர் ஒருவரின் மகன். 1879-ல் இசபெல்லா பேர்ட் என்ற பயண எழுத்தாளர் யானை மேல் ஏறி அவரைப் பார்க்க வந்தார். லோ ஊரில் இல்லை. ஆனாலும் விருந்து நின்றுவிடவில்லை. மேசையில் அவரோடு உட்கார்ந்து பீங்கான் தட்டில் கறி சாப்பிட்டவர்கள் மாமூத், எப்லிஸ் என்ற இருவர். இருவருமே குரங்குகள்! எத்தனையோ பட்டமளிப்பு விருந்துகளில் இந்த ஒழுங்கைக்கூட நான் பார்த்ததில்லை.

சரி, ஆராய்ச்சி? ஹென்ரி விக்ஹாம் என்பவர் 1876-ல் பிரேசிலிலிருந்து 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது ஏறக்குறைய 2,700. நூற்றுக்கு நாலு மார்க்! உயிரைப் பணயம் வைத்துக் கடத்தி வந்ததாகப் பின்னாளில் அளந்தார் மனுஷன். அப்போது விதை ஏற்றுமதிக்குத் தடையே கிடையாது. ஆனாலும் 1920-ல் ‘சர்’ பட்டம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தக் கன்றுகளில் ஒன்பது லோவின் தோட்டத்துக்கு வந்தன. நட்டார், வளர்ந்தன, அவ்வளவுதான். தோட்டத் துரைமாருக்கு அப்போது காப்பிதான் குலதெய்வம். டன்லப் காற்று டயர் செய்தது 1888-ல். லோ ரிட்டயர் ஆனது 1889-ல். அவருடைய கே.பி.ஐ. ரிப்போர்ட்டில் ரப்பர் வருமானம் சைபர்தான் இருந்திருக்கும். இன்றைக்கென்றால் மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்த இடம் போட்டிருப்பார்கள்.

லோ கிளம்புகிற நேரத்தில் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்குத் தலைவராக வந்தவர் ரிட்லி. மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லிசாகச் சீவித் தினமும் பாலெடுக்கும் வழியைக் காட்டியவர் இவர். எந்தத் துரையைக் கண்டாலும் பையில் ரப்பர் விதையைத் திணிப்பார். அதனால் கிடைத்த பட்டம் ‘மேட் ரிட்லி’. பிறகு காப்பி விலை படுத்தது. 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் ரப்பரைத் தோட்டமாகவே போட்டார். 1910-ல் லண்டனில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியதும், பைத்தியம் யார் என்று துரைமாருக்கு விளங்கிவிட்டது. ரிட்லி அவசரப்படவே இல்லை. 83 வயதில் கல்யாணம் செய்துகொண்டு 100 வயது வரை இருந்தார்!

அந்தப் பட்டை சீவும் ஆராய்ச்சியை விடியக் கருக்கலில் பிரட்டு முடித்து, காண்டா வாளியைத் தூக்கிப் போய்த் தினந்தினம் செய்து காட்டியவர்கள் நம்ம பாட்டன் பாட்டிமார். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் எங்கே என்று கேட்காதீர்கள். செக்ரோலில் தேடுங்கள், கிடைக்கும்.

இப்போது ஸ்ரீ இஸ்கந்தார் பக்கம் வாங்க. 1986-ல் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தன் பொறியியல் துறையைப் பேராக்குக்கு அனுப்பியது. துறை ஸ்ரீ இஸ்கந்தாரில் வேர்விட்ட சமயம் 1997-ல் வளாகம் பெட்ரோனாஸ் கைக்குப் போனது. 2001-ல் பொறியாளர்கள் மூட்டை கட்டி நிபோங் திபாலுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் போன பிறகுதான் பழைய ஈயக் குட்டைகளின் ஓரத்தில் நார்மன் ஃபோஸ்டர் நிறுவனத்தின் பிறைநிலாக் கூரைகள் முழுதாக எழும்பின. 2007-ல் ஆகா கான் விருதும் வந்தது. நல்ல கூரைதான், மழையில் நனையாமல் வகுப்புக்குப் போகலாம். நனைந்தவர்கள் அதற்குள் நிபோங் திபாலில் இருந்தார்கள்.

நம்ம புந்தோங்கிலும் ஒரு ரிசர்ச் பார்க் ஓடுகிறது. எட்டயபுரம் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் 1940-களில் தொடங்கிய கச்சான் பூத்தே கம்பம். துணைவேந்தர் கிடையாது, மாஸ்டர் பிளான் கிடையாது, ஃபோஸ்டரையும் யாரும் கூப்பிடவில்லை. “அக்கா, முறுக்குல காரம் கூடிப்போச்சு” என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த சட்டியிலேயே திருத்தம் வரும். இல்லையென்றால், “திங்கத் தெரியலைன்னா பாக்கெட்ட கீழ வைப்பா” என்று வரும்.