ஞாயிறும் போயாவும் விடுமுறை

நீச்சல் குளத்துக்குப் பொறுப்பாக ஒருவனைப் போடும்போது அவனுக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொறுப்பு போயிருக்கும். அதோடு சேர்ந்து வந்த அலவன்சும் போயிருக்கும்.

ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே, சுற்றிலும் தேயிலை மலை, நடுவில் நாற்பது கடை என்று ஒரு சின்ன டவுன். அந்த ஊர்ச் சபையில் நான் கிளார்க். துரைமார் கிளப் ஒன்று கட்டிவிட்டுப் போன குளம், கை மாறிக் கை மாறிக் கடைசியில் சபையின் கையில் வந்து நின்றது. 20 மீற்றர் நீளம், 8 மீற்றர் அகலம். ‘விளையாட்டு, பொழுதுபோக்கு’ என்று எழுதிய ஒரு பைலைத் தூசி தட்டி என் மேசையில் வைத்தார்கள். அன்றிலிருந்து ஊராரின் பொழுது என் பொறுப்பு.

திறப்பு விழாவில் நான்தான் பேசினேன். 1954இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்ததைச் சொன்னேன். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே கடலை நீந்திப் போய், நீந்தியே திரும்பியதைச் சொன்னேன். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் அவர் உயிரை விட்டதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை கட்டியது. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன் எழுந்து கேட்டான்: “ஐயா எவ்வளவு தூரம் நீந்துவீங்க?”

“நான் நிர்வாகம்” என்றேன்.

அடுத்த வேலை நேர அட்டவணை. ஒருமுறை சென்னைக்குப் போனபோது மெரினா கடற்கரையில் மாநகராட்சி நடத்தும் நீச்சல் குளத்தைப் பார்த்திருந்தேன். மணிக்கு ஒரு கூட்டம் உள்ளே போகும், ஒரு கூட்டம் வெளியே வரும். அந்த ஒழுங்கு மனதில் நின்றுவிட்டது. வந்ததும் அதே மாதிரி போட்டேன்: காலை ஆறு முதல் ஏழு வரை பெரியவர்கள், ஏழு முதல் எட்டு வரை இளைஞர்கள். அடிக்கோடு போட்டு, மும்மொழியிலும் எழுதி, கதவில் ஒட்டினேன். சென்னைக்காரன் விடியலில் தண்ணீரைத் தேடி ஓடுவது வெயிலுக்குப் பயந்து என்பது எனக்குத் தோன்றவில்லை. நுவரெலியா கடல் மட்டத்துக்கு மேலே 1868 மீற்றர். ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து கருகும். எங்கள் டவுன் கொஞ்சம் கீழே என்றாலும் குளிருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. நீந்தப் பழகுகிறவர்களுக்குத் தண்ணீர் 28 பாகை வாக்கில் இருந்தால் நல்லது என்று பிறகுதான் படித்தேன். விடியற்காலையில் எங்கள் குளத்தில் வெப்பமானியை இறக்கினேன். 15 காட்டியது.

குளிரை விடுங்கள். ஆறு மணிக்கு வருவதற்கு ஆள் எங்கே? கொழுந்து எடுக்கும் ஓர் அக்காவிடம் நோட்டீசைக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அஞ்சு மணிக்கு ரொட்டி சுடணும், புள்ளயப் புள்ளக்காம்பராவுல விடணும், அப்புறம் பெரட்டுக்குப் போகணும். ஐயா குளத்த மலை உச்சிக்குக் கொண்டாந்தா கூடையோட எறங்கிக் குளிச்சிட்டு ஏறுறேன்” என்றார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அட்டவணையை மட்டும் மாற்றவில்லை, அது சபையில் நிறைவேறிய அட்டவணை.

மூன்றாவது தோல்வி இரசாயனம். குளத்தில் எத்தனை தண்ணீர் என்று பழைய ஏடு ஒன்றில் 44,000 என்று எழுதியிருந்தது. அதை லீற்றர் என்று எடுத்துக்கொண்டு குளோரின் தூளை நிறுத்துப் போட்டேன். ஒழுங்காக நிறுத்தேன், பதிவேட்டில் கையெழுத்தும் வைத்தேன். இரண்டு கிழமையில் தண்ணீர் மங்கியது. மூன்றாம் கிழமை பச்சையானது. பெப்ரவரி வெயில் வேறு. எழுதி வைத்தவர் துரை, அவருக்குத் தண்ணீர் கலனில்தான் ஓடும் என்பது எனக்கு உறைக்கவில்லை. ஒரு கலன் நாலரை லீற்றருக்குச் சற்று மேல். ஆக அது இரண்டு இலட்சம் லீற்றர். ஒரு கிலோவுக்கு மேல் போக வேண்டிய இடத்தில் கால் கிலோவைத் தூவிவிட்டு, பாசி எங்கிருந்து வந்தது என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்துக் காவற்காரர்தான் அதற்குப் பெயர் வைத்தார்: “ஐயா, நம்ம பக்கமெல்லாம் கறுப்புத் தேயிலதானுங்க. மொத மொதல்ல கிரீன் டீ போட்டது நீங்கதான்.”

பிறகு பெண்கள் நேரம். சனிக்கிழமை மாலை மூன்றிலிருந்து நாலு. ‘நீச்சல் உடை கட்டாயம்’ என்று கீழே ஒரு வரி. ஒருவரும் வரவில்லை. நாலாம் சனிக்கிழமை ஒரு பாட்டி பேத்தியோடு வந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, பீலியில குளிக்கிறப்போ குறுக்குக்கட்டு கட்டுவோம். இங்க எதக் கட்டுறது?” என்றார். விளக்கினேன். பேத்தி கையில் சவுக்காரம் வைத்திருந்தாள். அது உள்ளே போகக் கூடாது என்றும் விளக்கினேன். பாட்டி குளத்தை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். “சவுக்காரம் போடாம குளிக்கிறதுக்கு எதுக்கு இம்புட்டுத் தண்ணி?” என்று பேத்தியை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

குளம்தான் இப்படி என்றால் தரையிலும் அப்படித்தான். தொழிலாளர் விளையாட்டுப் போட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தேன். கொழுந்து நன்றாகத் தளிர்த்த பருவம். ஞாயிறு மலையில் கைக்காசு. அன்று எடுத்த கொழுந்துக்கு அன்றே பணம். கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு ஓடுவதற்காக அதை விட்டுவிட்டு யார் வருவார்கள்? நடுவர்கள் பதினான்கு பேர், போட்டியாளர்கள் ஐந்து பேர். எல்லோருக்கும் பரிசு கொடுத்தும் சான்றிதழ் மிஞ்சியது. இருநூறு அச்சடித்திருந்தேன். மிச்சத்தின் பின்பக்கத்தில் மூன்று வருடம் கணக்குப் போட்டேன்.

கலை விழா ஒன்றும் நடத்தினேன். காமன் கூத்துக்கு மாலை 4.00 முதல் 4.45 வரை நேரம் ஒதுக்கினேன். கூத்து மாஸ்டர் நிகழ்ச்சி நிரலைப் படித்துவிட்டு மரியாதையாகச் சொன்னார்: “ஐயா, காமன எரிக்கிறதுக்கே அம்புட்டு நேரம் புடிக்குமுங்க. அதுக்கு முன்ன அவருக்குக் கல்யாணம் வேற கட்டணும்.” மாசி மாதத்தில் நாட்கணக்கில், இரவிரவாகத் தப்படித்து ஆடுகிற கூத்து அது. அதற்கு நோட்டீஸ் இல்லை, பொறுப்பதிகாரி இல்லை. என் பைல் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்த மலையில் ஒழுங்காக நடந்துவரும் பொழுதுபோக்குத் திட்டம். அதைத்தான் முக்கால் மணி நேரத்துக்குள் மடக்கப் பார்த்தேன்.

வெள்ளைக்காரனுக்கு இந்த விஷயத்தில் குழப்பமே இருக்கவில்லை. தேசாதிபதி கிரகரி 1873இல் நுவரெலியாவில் ஏரி அமைத்தார். 1875இல் குதிரைப் பந்தயத் திடல், 1876இல் ஹில் கிளப், 1889இல் கொல்ப் கிளப். இருபது வருடத்துக்குள் ஒரு முழு ஓய்வுக்கால ஊரே எழுந்துவிட்டது. எந்த நேரத்தில் தனக்கு ஓய்வு என்று துரைக்குத் தெரியும், அதற்கேற்பக் கட்டினார். மலையில் நிற்கிறவர்களுக்கு எப்போது ஓய்வு என்று நான் மேசையில் இருந்தபடி யோசித்தேன். எனக்கும் துரைக்கும் அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தன்னிடமாவது கேட்டுக்கொண்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. அடுத்தது அப்படியில்லை.

எங்கள் பக்கம் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ, மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை, தலவாக்கலையில் மேல் கொத்மலை. மவுசாகலையில் தண்ணீர் வற்றும் காலத்தில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் தலைகாட்டும். இத்தனை தண்ணீருக்கு நடுவே பிறந்து வளர்ந்த எங்களில் நீந்தத் தெரிந்தவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பீலியில் குளித்துப் பழகியவனுக்குத் தண்ணீர் தலையில் விழும் சாமான். காலுக்குக் கீழே அது இன்னொரு சாமான்.

ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை, மலையில் வேலை இல்லை. பையன்கள் நாலு பேர் நீர்த்தேக்கத்தில் இறங்கியிருக்கிறார்கள். ஒருவன் ஆழத்துக்குப் போய்விட்டான். தோணியில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தலைமயிரைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார். மறுநாள் ஒரு நெஸ்டமோல்ட் பக்கெட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலில் இருந்தது திறப்பு விழாவில் கேள்வி கேட்ட அதே பொடியன். அதிகாரிக்கு உரிய குரலில், “குளம் இருக்கும்போது அங்கே ஏன் போனாய்?” என்றேன்.

“மொதல்ல குளத்துக்குத்தான் ஐயா வந்தோம். பூட்டியிருந்திச்சு.”

பூட்டியது நான். அட்டவணையின் கடைசி வரியை என் கையாலேயே எழுதியிருந்தேன்: ‘ஞாயிறு, போயா தினங்களில் மூடப்படும்.’ ஊர் வேலை செய்யும் நேரமெல்லாம் குளம் திறந்திருந்தது. ஊருக்கு ஓய்வு கிடைத்த அன்று குளமும் ஓய்வெடுத்தது. ஏனென்றால் அன்று எனக்கும் விடுமுறை. உலகச் சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, 2021இல் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் மூழ்கி இறந்ததாகச் சொல்கிறது. அந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டாமல் விட்டது என் நிர்வாகம் அல்ல, ஒரு தோணிக்காரர்.

அதற்கடுத்த போயாவுக்குக் குளத்தைத் திறந்துவிடத் தீர்மானித்தேன். சட்டத்தைப் புரட்டினேன். குளம் திறந்திருக்கும் நேரமெல்லாம் நீந்தத் தெரிந்த ஓர் ஊழியர் கரையில் இருக்க வேண்டும் என்றது. நீந்தத் தெரிந்தவர் காவற்காரர் ஒருவர்தான். போயாவுக்கு அவர் சில் எடுத்து விகாரையில் இருப்பார். விடுமுறையிலும் வரத் தயாராக இருந்த ஊழியன் நான். நீந்தத் தெரியாத ஊழியனும் நான். திறப்பு என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு பேத்திதான் எனக்கு நீச்சல் பழக்குகிறாள். கொழும்பில் படிக்கிறவள், விடுமுறைக்கு வரும்போது மட்டும் வகுப்பு. “தாத்தா, ஒடம்ப எறுக்காதீங்க, தானா மெதக்கும்” என்கிறாள். முப்பது வருடம் கையெழுத்துப் போட்டு இறுகிய உடம்பு. சென்ற முறை பதினொரு விநாடி மிதந்தேன். அவள் எண்ணினாள்.

சபையில் இப்போது வேறு ஒருவர். அவரிடம் போய் இரண்டு விஷயம் சொன்னேன். நீந்தப் பழகுங்கள், போயாவுக்குத் திறந்து வையுங்கள். நல்ல பிள்ளை, எழுதித் தாருங்கள் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவில் என் கையெழுத்தில் அந்தக் கடைசி வரி இன்னும் அழியாமல் இருக்கிறது. நல்ல பெயின்ட் வாங்கியிருந்தேன்.