எட்டாவது வள்ளல்

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான். பேகன் மயிலுக்குப் போர்வை கொடுத்தான். கடையெழு வள்ளல்கள் என்று ஏழு பேரோடு கணக்கை மூடிவிட்ட பழம்புலவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் காலத்தில் ஓ.எம்.ஆர். கிடையாது. தினமும் காலை எட்டரை மணிக்குத் திருவான்மியூரிலிருந்து சிறுசேரிக்குத் தம் போர்ஷே 911 கரேரா எஸ் காரில் அலுவலகம் போகும் எங்கள் அடுக்ககத்துப் பெருந்தகையை அவர்கள் பார்த்திருந்தால், எட்டாவது பெயருக்கு இடம் விட்டிருப்பார்கள். அவருடைய கொடை முழுவதும் ஒரே பொருளில்: டயர்.

அப்படிப்பட்ட காரைக் கொட்டகையில் போர்த்திவைக்காமல் தினமும் ஓட்டுகிறாரே, அதற்காக அவரை உண்மையாகவே பாராட்ட வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இனி டயருக்கு வருவோம்.

தினசரி ஓட்டும் காருக்கு டயர் வாங்கப் போகும் எளிய மனிதர்கள் சில்லறைத்தனமான கேள்விகள் கேட்பார்கள். மழையில் பிடிக்குமா, எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடும், பள்ளத்தில் இறங்கினால் தாங்குமா, இரைச்சல் போடுமா என்றெல்லாம். நம் வள்ளல் அந்த ரகம் அல்ல. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: நூர்பர்க்ரிங்கில் சாதனை நேரம் எடுத்த கார்களில் போட்டிருந்தது எது? நூர்பர்க்ரிங் ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டில் இருக்கிறது. அதன் வடக்குச் சுற்று 20.8 கிலோமீட்டர், எழுபதுக்கு மேற்பட்ட வளைவுகள். திருவான்மியூரிலிருந்து சிறுசேரியும் கிட்டத்தட்ட அதே தூரம்தான். வளைவுகளுக்குப் பதிலாகச் சிக்னல்களும் யூ டர்ன்களும் இருக்கின்றன, அவ்வளவே வித்தியாசம்.

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் கப் 2 அவர் காருக்கு வந்தது அப்படித்தான். நல்ல டயர், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பந்தயத் திடலில் வளைவுக்கு வளைவு இழுபட்டு, ரப்பர் உள்ளுக்குள் சூடேறிய பிறகு அதன் பிடி முழுமையாக வெளிப்படும். சோழிங்கநல்லூர் சிக்னலில் நின்றபடி அந்தச் சூட்டை ஏற்றும் வித்தையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வெளிச்சூட்டைச் சென்னை வெயில் தாராளமாகத் தருகிறது என்பது உண்மை. பிடிப்பதைவிடத் தேய்வதற்கே அது அதிகம் உதவுகிறது. மயில் போர்வை கேட்கவில்லை. ஓ.எம்.ஆரும் செமி ஸ்லிக் டயர் கேட்கவில்லை. கேட்டுக் கொடுப்பது கடன்; கேட்காமல் கொடுப்பதுதானே கொடை.

டயரின் பக்கவாட்டில் அமெரிக்க விதிப்படி ஒரு தேய்மான எண் அச்சடித்திருப்பார்கள். எண் சிறுத்தால் ஆயுளும் சிறுக்கும். இவர் எடுத்ததற்கு 180. அதே கம்பெனி சாலைக்கென்று செய்யும் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு 300. முந்நூறை ஒதுக்கிவிட்டு நூற்றெண்பதைத் தேர்ந்தவர் தம்மைப் பற்றி நினைத்திருக்க மாட்டார். கன்னியாகுமரித் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்களின் பிழைப்பை நினைத்திருப்பார். வேகக் குறியீடு ‘ஒய்’, அதாவது மணிக்கு 300 கிலோமீட்டர். சென்னை நகருக்குள் கார்களுக்கு 2023 நவம்பர் முதல் உச்சவரம்பு 60. மீதி 240ஐ அவர் யாருக்கும் தொந்தரவில்லாமல் டயருக்குள்ளேயே பத்திரமாக வைத்திருக்கிறார்.

கம்பெனி கொடுத்த முன்சக்கரம் இருபது இஞ்ச், டயர் 245/35. அகலம் 245 மில்லிமீட்டர். அதில் நூற்றுக்கு 35 பங்கு பக்கச் சுவரின் உயரம், ஏறத்தாழ 86 மில்லிமீட்டர். ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே அவ்வளவு ரப்பரும் காற்றும் இருப்பது அவருக்கு ஆடம்பரமாகத் தோன்றியது. இருபத்தோரு இஞ்ச் ரிம்முக்கு மாறினார். டயர் 245/30 ஆயிற்று, பக்கச் சுவர் 73 மில்லிமீட்டருக்கு ஒடுங்கியது. இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் உள்ளவை குடியிருப்போரே ஆசையாகக் கட்டிக்கொண்டவை. உயரத்தில் தாராளம், நீளத்தில் சிக்கனம்.

பாரி கொடுத்தது ஒரே ஒரு தேர். நம்மவர் பெருங்குடியில் ஒரு பள்ளத்துக்கு முன்டயரை ஈந்தார். துரைப்பாக்கத்தில் தோண்டி அரைகுறையாக மூடிய இடத்துக்கு இன்னொன்று. இரண்டு இடத்திலும் பள்ளம் வாய் திறந்தபடிதான் இருந்தது, ஆனால் வாய் திறந்து கேட்கவில்லை.

இரண்டாவது கொடையின்போது டயர் கடைக்கு நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் வயதானவர், லாரி டயரில் தொழில் கற்றவர். சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சைடுவால் புடைச்சிருக்கு சார். உள்ள நூல் அறுந்துடுச்சு. இதுக்கு ஒட்டெல்லாம் போட முடியாது.”

“ரிம்?”

“லேசா வளைஞ்சிருக்கு, தட்டி எடுத்துரலாம். ஆனா சார், நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க. பழைய இருபது இஞ்சுக்கே போயிடுங்க. ரோட்டு டயரா போடுங்க. மழையில நிக்கும், கூடவும் ஓடும்.”

“ரிம் சின்னதா தெரியுமே அண்ணே.”

“ஓடும்போது யாருக்கு சார் தெரியுது ரிம்மு?”

சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வள்ளலின் முகத்தில் ஏன் அத்தனை நிம்மதி என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

புது டயர் உடனே கிடைக்கவில்லை. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. உரிமம் இருந்தால்தான் கொண்டுவர முடியும். ஊரில் ஓடும் சாதாரண அளவு என்றால் கவலையில்லை. வள்ளல் அளவுக்குக் காத்திருக்க வேண்டும். திருவொற்றியூரில் டயர், ஒரகடத்தில் டயர், ஸ்ரீபெரும்புதூரில் டயர் என்று ஊரைச் சுற்றி ஆலைகள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்க, அவர் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் ஜாக்கியின் மேல் தவம் இருந்தது. அந்த நாட்களில் மனைவியின் சிறிய ஸ்விஃப்ட்டில் போய்வந்தார். அதற்கு 165/80, பதினான்கு இஞ்ச். பக்கச் சுவர் 132 மில்லிமீட்டர். பெருங்குடிப் பள்ளத்தையும் துரைப்பாக்கத்துப் பள்ளத்தையும் அது கொஞ்சமும் மரியாதையில்லாமல் ஏறி இறங்கிப் போயிற்று. எதுவும் கொடுக்கவில்லை. கஞ்சப் பிறவி.

கடைசியில் யாரோ ஒருவரிடம் ஒரு டயர் கிடைத்தது, பத்து சதவீதத் தள்ளுபடியில். கோடிகளில் கார் வாங்கியவர் டயரில் பத்து சதவீதம் மிச்சம் பிடித்த அந்தச் சாமர்த்தியம் எங்கள் அடுக்ககத்தில் இன்றும் பேசப்படுகிறது. வேறு கம்பெனி, வேறு பட்டன் அமைப்பு. இடது முன்சக்கரத்தில் ஒன்று, வலது முன்சக்கரத்தில் மற்றொன்று. போர்ஷே கம்பெனி தன் கார்களுக்கென்று சோதித்துப் பார்த்து ஒப்பும் டயர்களில் ‘என்’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் பொறிக்கச் செய்கிறது. வள்ளல் அந்த எழுத்தைத் தேடவில்லை, விலைச்சீட்டைத் தேடினார். பிரேக் போட்டால் கார் ஒரு பக்கமாகச் சற்றே சாய்ந்து இழுக்கிறதாம். சர்வமத சமரசத்தில் இப்படிச் சிறு உரசல்கள் இருக்கத்தான் செய்யும்.

அந்த டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருந்தது: 1518. 2018ஆம் ஆண்டின் பதினைந்தாம் வாரத்தில் பிறந்தது என்று பொருள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் கிழடு தட்டும். காற்றும் வெப்பமும் அதை இறுக்கிவிடும். ஐந்தாண்டு கடந்தால் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள், பத்தாண்டானால் பட்டன் மிச்சமிருந்தாலும் கழற்றிவிடச் சொல்கிறார்கள். 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரிட்டாவில் போர்ஷே கரேரா ஜிடி ஒன்று மோதி, நடிகர் பால் வாக்கரும் காரை ஓட்டிய அவர் நண்பரும் இறந்தார்கள். வேகம்தான் காரணம் என்றது விசாரணை. காரில் இருந்தவை ஒன்பது ஆண்டுப் பழைய டயர்கள் என்பதையும் சேர்த்தே குறித்தது. இதை நான் வள்ளலிடம் சொன்னேன். அவர் பெரியோரை மதிக்கும் குடும்பத்தில் வளர்ந்தவர்; வயதைக் காரணம் காட்டி யாரையும் வெளியே அனுப்புவதில்லை.

காற்று விஷயத்தில் அவர் இன்னும் ஒரு படி மேல். நைட்ரஜன்தான். நாம் இழுத்துவிடும் சும்மாக் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் என்ற அற்பச் செய்தி அவரைத் தொடாது. நைட்ரஜன் அடித்துவிட்டால் அழுத்தம் பார்க்க வேண்டியதில்லை என்று யாரோ சொன்னார்கள், அன்றிலிருந்து பார்ப்பதில்லை. டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கை உள் அலங்காரத்தில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

ஆனால் ஐப்பசி பிறந்தால்தான் அவர் பெருமை முழுதும் விளங்கும். ஒன்றரை டன் காரைத் தரையோடு பிணைத்து வைத்திருப்பது நான்கே நான்கு திட்டு ரப்பர். 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஒரு திட்டு சராசரியாக 150 சதுர சென்டிமீட்டர், அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. முடுக்குவது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் இந்த நான்கு அட்டையின் வழியாகத்தான் நடந்தாக வேண்டும். மழையில் அட்டைக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் வந்து நிற்கும். அதை வாரி வெளியே தள்ளுவது பட்டனுக்கு இடையிலான காடி. சாதாரணப் புது டயரில் காடி சுமார் 8 மில்லிமீட்டர் ஆழம். பந்தயச் சாயல் டயர்களில் ஆழமும் குறைவு, எண்ணிக்கையும் குறைவு. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மோட்டார் வாகன விதி ஓட்டவே விடாது. காடி தள்ளும் வேகத்தைவிடத் தண்ணீர் சேரும் வேகம் மிஞ்சினால் டயர் சாலையை விட்டுவிட்டுத் தண்ணீர்மேல் ஏறிக்கொள்ளும். ஸ்டியரிங் கையில் இருக்கும், கார் இருக்காது. 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். 32 பிஎஸ்ஐ டயர் தேங்கிய நீரில் முழுதாக மிதக்கும் வேகம், அந்தக் கணக்கின்படி, மணிக்கு 94 கிலோமீட்டர் அளவில் வருகிறது. காற்று குறைந்தால் அந்த வேகமும் குறையும். அகன்ற டயரும் ஆழமில்லாத காடியும் சேர்ந்தால் பிடி நழுவத் தொடங்க அத்தனை வேகம்கூட வேண்டாம்.

வள்ளல் இதையெல்லாம் படித்ததில்லை, இடுப்பெலும்பால் உணர்ந்தவர். ஒருமுறை பள்ளிக்கரணைப் பக்கம் தேங்கிய தண்ணீரில் பின்புறம் மெல்ல முன்னே வரப் பார்த்ததாம். அன்று முதல் தூறல் விழுந்தால் இடது ஓரம், இருபத்தைந்து கிலோமீட்டர், நான்கு விளக்கும் மின்ன. பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது, ஷேர் ஆட்டோ திட்டிக்கொண்டே முந்துகிறது, ஸ்கூட்டரில் நனைந்தபடி போகும் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறாள். மணிக்கு 308 கிலோமீட்டர் ஓடக்கூடிய காரை 25க்கு அடக்கும் ஆற்றல் எந்தப் போக்குவரத்துக் காவலருக்கும் கிடையாது. அந்த டயருக்கு உண்டு.

2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் சனங்கள் கார்களை வரிசையாக நிறுத்திவைத்தார்களே, அந்த வரிசையில் நம் 911ம் இருந்தது. விடிய விடிய ஈரத்தில் நின்ற அந்த டயர்கள் ஓர் அங்குலம்கூட வழுக்கவில்லை. என் கண்ணால் பார்த்த சாட்சி நான்.

பருவமழை ஓய்ந்தபின் ஒருநாள் மறுபடி டயர் கடை. அலைன்மென்ட் பார்க்க வந்திருந்தோம். பெரியவர் பின்டயரைத் தடவிக்கொண்டே இருங்காட்டுக்கோட்டைப் பேச்சை எடுத்தார். பெங்களூர் நெடுஞ்சாலையில், சென்னையிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரத்தில், 1990 முதல் அங்கே பந்தயத் திடல் இருக்கிறது, 3.7 கிலோமீட்டர் சுற்று. அதற்கு முன்பு சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும், பெரியவர் சிறுவயதில் லாரி ஏறிப் போய்ப் பார்த்தவராம்.

“இந்த டயருக்குன்னே செஞ்ச எடம் சார் அது. ரோட்டுல என்ன தெரியும் இதுக்கு? ஒரு ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் நாலு ரவுண்டு விடுங்க. அப்பத்தான் எதுக்குக் காசு குடுத்தோம்னு புரியும்.”

வள்ளல் பதறிப்போனார்.

“என்னண்ணே நீங்க! டிராக்ல ஓட்டினா டயர் தேஞ்சிடாதா?”