சின்னக்குயிலின் பெரிய ரசிகர்கள்

எங்கள் தெரு டீக்கடையில் எஸ்.பி.பி. வெறும் 'பாலு'தான். கூடப் படித்தவர்போல உரிமையோடு பேசுவார்கள். பேச்சு சுசீலா, ஜானகி பக்கம் திரும்பினால் போதும். டீ கிளாஸ் கீழே இறங்கும், குரல் தழையும், பெயரோடு 'அம்மா' ஒட்டிக்கொள்ளும். சித்ரா மட்டும் விதிவிலக்கு. 1963இல் பிறந்தவர், ஆறு தேசிய விருதும் பத்ம பூஷணும் வாங்கியாயிற்று. இவர்களுக்கு இன்னும் 'சின்ன'க்குயில்தான்.

நேற்று ஓர் அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, ஜானகி எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று மேஜையில் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் வீட்டிலிருந்து போன். "பாட்டு ஓடுதுல்ல, ஏன் கத்துற?" என்று வைத்துவிட்டார். 2013இல், காலம் கடந்து வந்த மரியாதை என்று ஜானகி பத்ம பூஷணை மறுத்தபோது, "பொம்பளைங்க திறமைக்கு இங்க மதிப்பு இருக்கா சார்?" என்று கொதித்தவரும் இவரே.

போன வாரம் அவர் மகள் கல்லூரிப் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று கேட்டாளாம். "முதல்ல படிப்பைப் பாரு" என்றாராம்.

குயில் எப்போதும் அடுத்த வீட்டு மரத்தில் கூவினால்தான் இனிமை.