ஸ்லைடிங் கதவின் பெருமை

கீல் வைத்த பீரோக் கதவுக்கு நாகரிகம் போதாது. திறந்தால் ஒன்றரை அடி வெளியே நீட்டிக் கட்டிலில் இடிக்கும். ஸ்லைடிங் கதவு அப்படியா? அடக்கமே உருவானது. பத்துக்குப் பத்து படுக்கையறையில் ஓர் அங்குலம்கூட வெளியே வராது.

இந்தப் பெருந்தன்மைக்கு அது கேட்கும் கூலி சொற்பம். அலமாரியில் பாதியை எந்நேரமும் மூடி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். புடவை இடப்பக்கமும் ரவிக்கை வலப்பக்கமும் இருந்தால் முதலில் இது, பிறகு அது. காலை எட்டரை மணிக்குக் கணவனும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நிற்கையில், யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். இல்லறத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது? இரண்டடி ஆழத்தில் மூன்று நாலு அங்குலத்தை டிராக் எடுத்துக்கொள்வதால், ஹேங்கரில் தொங்கும் சட்டையின் தோள் கதவை உரசும். சட்டைக்கும் ஒரு துணை வேண்டாமா?

கீழ் டிராக்கை வடிவமைத்தவர் மேதை. துடைப்பம் நுழையாது, விரல் நுழையாது. தூசியும் தலைமுடியும் ஸ்டிக்கர் பொட்டும் தாராளமாக நுழையும். பழைய டூத் பிரஷ்ஷுக்கு மறுவாழ்வு கொடுத்த புண்ணியம் அவரையே சேரும். சத்தம் வருகிறதென்று பெரியவர்கள் பாசத்தோடு தேங்காய் எண்ணெய் விடுவார்கள். தூசியும் எண்ணெயும் குழைந்து அருமையான பசையாகிவிடும். சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் இந்தப் பாக்கியம் வாய்க்காது.

கதவு சாய்ந்து, ஓரத்தில் மேலே ஒட்டிக் கீழே விலகி நிற்கிறதா? கவலையே வேண்டாம். பெரும்பாலான மாடல்களில் அடி மூலைகளில் ரோலரை ஏற்றி இறக்க ஆளுக்கொரு ஸ்க்ரூ இருக்கும். சாஷ்டாங்கமாக விழுந்து கன்னத்தை டைல்ஸில் வைத்தால் தரிசனம் கிடைக்கும். பூஜையறையில்கூட நாம் இப்படி வணங்குவதில்லை. எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்று எங்கும் எழுதாதது நம் அறிவின்மீது உள்ள மதிப்பு. இடது மூலையைச் சரி செய்தால் வலது மூலை கோபித்துக்கொள்ளும். பொறாமை என்று சொல்லக் கூடாது, சமத்துவ உணர்வு.

ஸ்க்ரூவும் கைவிட்டால் கதவையே கழற்றலாம். மேல் டிராக்குக்குள் தூக்கி, அடிப்பக்கத்தை வெளியே இழுக்க வேண்டும். ஆளுயரக் கண்ணாடி பதித்த கதவுக்கு இரண்டு பேர் தேவை. அதுவரை பெயரே தெரியாத எதிர் ஃபிளாட்காரர் அன்று சொந்தக்காரர் ஆவார்.

அலமாரி செய்தவரை அழைத்தால் ரசமட்டம் வைத்துப் பார்த்து, தரை வாட்டம் என்பார். கட்டடம் கட்டியவர் வந்து, கதவு கோணல் என்பார். இருவருமே உண்மை பேசுகிறவர்கள்.

ஆகவே புது வீடு கட்டுகிறவர்கள் தயங்காமல் இதையே போடுங்கள். ஆர்டர் கொடுக்கும்போதே இரண்டு செட் ரோலர் கூடுதலாகக் கேட்டு வாங்கி வையுங்கள். நைலான் சக்கரம் தேய்கிற வருஷம், அந்த மாடல் கடையில் இருக்காது.