தொப்பி ஊசி வைத்தியம்

கேள்வி: சனி, ஞாயிறு கூடாரமடித்துத் தங்கலாமென்று குடும்பத்தோடு கொல்லிமலைக்குக் கிளம்பினோம். கார் பாதி மலையில் மக்கர் பண்ணிவிட்டது. நமக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணமே இந்த லட்சணத்தில்தான் நடந்தது!

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ், அந்தக் காரை உருவாக்கிய கணவர் கார்லிடம் மூச்சுகூட விடாமல், மகன்கள் இருவரோடு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமிலுள்ள தாய்வீட்டுக்குப் புறப்பட்டார். சுமார் 100 கிலோமீட்டர். மூன்று சக்கர வண்டி. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். மின்கம்பி தேய்ந்த இடத்தில் காலுறைப் பட்டையைச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்ததும் வீஸ்லோக் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்பு தைப்பவரைப் பிடித்துத் தோல் அடிக்கவைத்தார். மேடு வந்தால் இறங்கித் தள்ளினார்கள். மேடேற இன்னொரு கியர் வேண்டுமென்று கார்லிடம் கேட்டு வாங்கியதும் அவர்தான். எப்பேர்ப்பட்ட பெண்மணி!

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்புமுன் கூலன்ட் அளவு, ஸ்டெப்னி காற்று, ஜாக்கி மூன்றையும் பார்த்துவிடுங்கள். என்ஜின் கொதித்தால் ஓரங்கட்டி அணையுங்கள். நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது. இறங்கும்போது இரண்டாவது கியர், பிரேக் பிழைக்கும்.