கலோரிச் சக்கரவர்த்திகள் மெய்க்கீர்த்தி

பொங்கலை வென்று, பூரியைப் புறங்கண்டு, இட்லியைத் திறை கட்ட வைத்து, திருமயிலை மாட வீதியில் இரண்டாவது மாடியில் கொலு வீற்றிருக்கும் என் பதியே! தேவரீர் பெருமையை எழுத ஏடு போதாது. ஆனாலும் இல்லாள் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

ஞாயிறு காலை. மிளகும் முந்திரியும் பொரித்த நெய்யை வெண்பொங்கலில் ஊற்றுகிறேன். மணம் எழும் அதே கணத்தில் திருவாய் மலர்கிறது: "எத்தனை ஸ்பூன்மா? சுகர் ஏறிடும். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்." என்ன கருணை! என் தட்டைப் பார்த்து, இடுப்பைப் பார்த்து, கைப்பேசியில் தங்கள் கணக்கோடு என் கணக்கையும் கேளாமலே எழுதிவைக்கும் அந்த ஈகை பாரிக்கும் வாய்க்கவில்லை.

இத்தகைய ஒருமுகச் சிந்தையைக் காண மேல்நாட்டார் எவ்வளவு பாடுபட்டார்கள்! 1944-45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களைத் திரட்டி, ஏறக்குறைய ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்கள் தட்டை நக்கினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள், சாப்பாட்டைத் தவிர வேறெதிலும் நாட்டமற்றுப் போனார்கள். தாங்களோ அந்நிலையை ரங்கநாதன் தெரு நெரிசலிலும் அநாயாசமாக எய்துகிறீர்கள். அடையாறில் என் அத்தை வீட்டுச் சீமந்தப் பந்தியில், வாயும் வயிறுமாய் உட்கார்ந்திருந்தவளின் இலையை நோக்கி "இவ்வளவு கார்ப்ஸா?" என்று வழங்கிய ஆசீர்வாதத்தை அந்தப் பெண் இன்னும் மறக்கவில்லை.

என் உடல்நலம் முழுவதையும் பி.எம்.ஐ. என்ற ஒற்றை எண்ணில் கண்டுவிடும் ஞானதிருஷ்டியோ சொல்லி மாளாது. 19ஆம் நூற்றாண்டில் அந்தக் கணக்கை வகுத்த பெல்ஜியத்துக் கெட்லே, சராசரி மனிதனைத் தேடிய கணிதர். அடுத்தவர் மனைவிக்கு எத்தனை தோசை என்று தீர்ப்புச் சொல்லும் உயரத்தை அவர் எட்டவில்லை.

பசித்தால் பயமில்லாமல் சாப்பிடவும், போதும் என்றால் நிறுத்தவும் மறுபடி பழகிக்கொண்டிருக்கிறேன், சாப்பிடும்போது மட்டும் இந்தப் பேச்சு வேண்டாமே என்று ஒருநாள் கையைப் பிடித்துக் கேட்டேன். தட்டாமல் வரம் தந்தீர்கள்! அன்று முதல் சாப்பாட்டு மேசையில் உபதேசம் இல்லை. என் இரண்டாவது கரண்டிக்கு ஒரு பெருமூச்சு மட்டும். உபதேசம் காருக்குக் குடிபெயர்ந்தது. வாக்குத் தவறாமையில் அரிச்சந்திரனுக்கு அடுத்து தாங்கள்தான். விளக்கைப் போடாமல் அடுக்களையில் நின்றபடியே, பாத்திரம் சத்தம் போடாமல் சாப்பிடும் கலையும் தங்கள் கடாட்சத்தால்தான் எனக்குக் கைகூடியது.

தங்களால் மயிலைக்கே புதுச் சிறப்பு. குடத்திலிருந்த எலும்பைச் சம்பந்தர் பூம்பாவையாக எழுப்பிய தலம் இது. அந்தப் பதிகமே அடியார்களுக்கு அமுது படைக்கும் காட்சியைச் சொல்லித்தான் அவளை அழைக்கத் தொடங்குகிறது. எலும்பைப் பெண்ணாக்க ஞானக்குழந்தை ஒருவர் வரவேண்டியிருந்தது. பெண்ணை எலும்பாக்கும் வித்தை தங்களுக்கே கைவந்தது.

பங்குனித் திருவிழாவில் அறுபத்து மூவர் அன்று, வீதியில் அன்னதானம் செய்த ஒரு பாட்டி நம் மகள் கையில் புளியோதரைத் தொன்னையைக் கொடுத்தார். ஒன்பது வயதுக் குழந்தை தொன்னையைப் பார்த்தாள், தங்களைப் பார்த்தாள். "அப்பா, இது கெட்டதாப்பா?" "பாதி சாப்பிடு கண்ணா, நாளைக்கு ஓடிச் சரிபண்ணிடலாம்" என்று அபயம் அளித்தீர்கள். அவளும் ஒவ்வொரு வாய்க்கும் தங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டாள். கணக்குக்கு அவளுக்கு ட்யூஷன் வைத்தோமே, அந்தக் காசு வீண். பருக்கையை எண்ணும் பாடத்தை இந்த வயதிலேயே, அதுவும் இலவசமாக, வீட்டிலேயே போதிக்கும் தகப்பன் ஊரில் எத்தனை பெண்களுக்கு வாய்க்கிறார்?